பனி உருகி வந்த பதினெட்டாம் நம்பர் பல்லி

அடியே,

இன்று காலை போஸ்ட்மேன் ஒரு பழுப்பு உறையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். உள்ளே இருப்பது என்ன என்று எழுத வேண்டிய கட்டத்தில், உன் அம்மாவின் கோழிக்கிறுக்கல் இங்கிலீஷில், ரப்பர் பல்லி, ஒன்று, பழையது என்று இருந்தது. போஸ்ட்மேன் அதை இரண்டு தடவை படித்தார்.

"ஃபாரின்லேர்ந்து அவனவனுக்கு சாக்லேட்டு வருது, சென்ட்டு வருது. உனக்கு இன்னாம்மா, பல்லி வருது?"

"நம்ம ஊர்ல ஷார்ட்டேஜுங்க" என்றேன்.

அவர் எங்கள் வாசல் சுவரை நிமிர்ந்து பார்த்தார். அங்கே ஒன்று ஒட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

உறையைக் கிழித்ததும் முதலில் மூக்கைத்தான் உள்ளே விட்டேன். போன வருஷம் ஏப்ரலில் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் அப்படி. "மச்சி, இங்க வசந்தம் வந்துடுச்சுடி. பூ வாசனை, மண் வாசனைன்னு ஒண்ணும் கிடையாது. ஆறு மாசமா ஊர்ல இருக்கிற நாயெல்லாம் போனது அத்தனையும் பனிக்கடியில ஃப்ரிட்ஜ்ல வெச்ச மாதிரி கிடந்துச்சு. இப்ப உருகிக்கினு எல்லாம் ஒரே வாரத்துல வெளிய வந்துடுச்சு. அதான் இந்த ஊர் வசந்தத்தோட சென்ட்டு." அதனால் நான் அந்த சென்ட்டுக்குத் தயாராகவே இருந்தேன். வந்தது டெட்டால் வாசனை. உன் அம்மா நர்ஸ் ஆயிற்றே, பல்லியைக் குளிப்பாட்டித்தான் விமானம் ஏற்றியிருக்கிறார்.

பச்சை மங்கவில்லை. வால் நுனிகூட மடங்கவில்லை. கவிழ்த்துப் பார்த்தேன். வயிற்றில் டிவைடர் முனையால் நாம் கீறிய 18 அப்படியே இருந்தது. அது என் ரோல் நம்பர். உன் பல்லியின் வயிற்றில் என் நம்பர், என் பல்லியின் வயிற்றில் உன் நம்பரான 17. நீதான் அப்படி மாற்றிப் போடச் சொன்னாய். "மாட்டிக்கினா யாரோடதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது பாரு" என்றாய். மாட்டினால் இரண்டு பேரும் சேர்ந்து மாட்டுவோம் என்பது நமக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அப்படித்தான் கீறியிருப்போம்.

ஒன்பதாவது படிக்கும்போது மயிலம் தேர்த் திருவிழாக் கடையில் வாங்கியது. அட்டையில் இரண்டிரண்டாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். ஒன்று கொடு என்றதற்கு, "ஒத்தையா குடுத்தா மிச்சத்த நா யாருக்கு விக்கிறது? ஜோடியா எடு" என்று முறைத்தான். நீ உடனே, "எடுடி, எவ்ளோ பெரிய பள்ளி, ஒரு பல்லி எப்படிப் பத்தும்?" என்றாய்.

பத்தவில்லைதான். வாட்ச்மேன் அண்ணன் டீ கிளாஸில் ஒன்று மிதந்தது. வகுப்புக் கதவின் மேல்விளிம்பில் வைத்த இன்னொன்று, கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பி.டி. சார் தலையில் விழுந்தது. அவர் கத்தவில்லை, நம்மைத் திட்டவில்லை. நேரே ஆபீஸ் ரூமுக்குப் போய், நாள்காட்டி அட்டையில் போட்டிருக்கும் பல்லி விழும் பலனைப் பார்த்தார். தலையில் விழுந்தால் கலகம். அன்று மாலையே ஹெச்.எம். நம் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். யார் செய்திருப்பார்கள் என்பதில் அந்தப் பள்ளியில் யாருக்கும் எப்போதும் சந்தேகமே வந்ததில்லை. திட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் நீ சொன்னாய்: "கலகம் கரெக்டாத்தான் வந்துச்சு. அட்ரஸ்தான் மாறிப் போச்சு."

ஆனாலும் பல்லிகள் மாட்டவில்லை. ஜாமெட்ரி பாக்ஸில், புரொட்ராக்டருக்கு அடியில் இருந்தன. நம் வீடுகளுக்கும் தெரியாது. இதை நீ நினைவில் வைத்துக்கொள், பின்னால் வருகிறது.

அந்த வருஷ லீவில்தான் நீ கிளம்பினாய். விழுப்புரத்தில் பிறந்து, அம்மா வேலை மாறியதால் ஆறாம் வகுப்பில் திண்டிவனம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள், அதே அம்மாவுக்குப் பின்லாந்தின் வடகோடியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்ததால் ஒரேயடியாக உலகத்தின் உச்சந்தலைக்கே போய்விட்டாய். "அம்மாவுக்குப் பணி, உனக்குப் பனி" என்று நான் கிண்டல் செய்தேன். பஸ் ஸ்டாண்டில் கார் ஏறும்போது நீ மூக்கைச் சிந்திக்கொண்டே, "இந்த ஜோக்க நீ ஒரு வாரமா யோசிச்சு வெச்சிருக்க, எனக்குத் தெரியும்" என்றாய். உண்மை. நாலு நாள்தான், ஒரு வாரம் இல்லை.

அந்த முதல் வருஷம் குளிரைப் பற்றி நீ அதிகம் பேசவில்லை. வசந்தம் வந்தபோதுதான் உன் வாய் திறந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு சேதி. காலையில் பனியின் மேல்தோல் அப்பளம் மாதிரி இறுகியிருக்குமாம், வேலி, பள்ளம், மேடு எதுவும் பாராமல் அதன் மேல் நடந்து குறுக்கே பள்ளிக்கூடம் போய்விடலாமாம். மதியம் அதே வழியில் திரும்பினால் அப்பளம் நமத்துப்போய் இடுப்பு வரை உள்ளே இறங்கிவிடுமாம். "காலையில நா அன்னநடை, சாயங்காலம் சேத்துல உட்ட எருமை." ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகாததால், எப்போது தூங்குவது என்று சூரியனைக் கேட்க முடியாது, கடிகாரத்தைத்தான் கேட்க வேண்டும் என்றாய். கார்களுக்கெல்லாம் ஆணி வைத்த டயரைக் கழற்றிச் சாதா டயர் மாட்டுவார்கள். கூரையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து தொம்மென்று விழும், உன் அம்மா ஒவ்வொரு தடவையும் "முருகா" என்பார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சுவர்க்காரர்கள் கதைதான். வெயில் வந்துவிட்டால் அந்த ஊர் ஜனங்கள் வேலையை நிறுத்திவிட்டு, தெற்குச் சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி, முகத்தை மட்டும் வெயிலுக்குக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்களாம். சுற்றிலும் முட்டி உயரம் பனி. நீ வீடியோவில் காட்டினாய். அப்போது நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, வேர்க்கடலை வறுக்கும் ஒரு மல்லாட்டைக் கடை நிழலில் ஒண்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன். "நம்ம ஊருக்கு வந்தா இவங்க முழுசா வெந்துடுவாங்கடி" என்றேன். "இங்க வந்தா நீ சுவத்துல ஒட்டிக்குவ, பல்லி மாதிரி" என்றாய்.

அந்த வீடியோவிலேயே வேலியைக் காட்டினாய். உங்கள் சந்து முனையில், ஒரு பழைய மர வேலி. அதன் ஒவ்வொரு முளைக்கம்பிலும் ஒரு கையுறை. சிவப்பு, கறுப்பு, குழந்தையுடையது, பெரியவருடையது, எல்லாம் ஒற்றை. குளிர்காலம் முழுக்க ஊரார் பனியில் தொலைத்தவை. பனி உருகும்போது ஒவ்வொன்றாக வெளியே வரும், பார்த்தவர் எடுத்து அருகிலிருக்கும் கம்பில் மாட்டிவிடுவார். யாரும் அடுத்தவருடையதைத் தொட மாட்டார்கள். வேலிக்குச் சொந்தக்காரரான கிழவருக்கு நீ வேலித் தாத்தா என்று பெயர் வைத்திருந்தாய். இது என்னுடையது என்று யார் வந்தாலும் அவர் இன்னொரு கையைக் கேட்பார். ஜோடியைக் காட்டினால்தான் எடுத்துக்கொள்ளலாம். ரோட்டில் வழுக்காமலிருக்கக் கொட்டிய பொடிக்கல்லைப் பெருக்கிக்கொண்டு போக ஒரு வண்டி வரும். அது வரும் நாள்தான் கடைசி. மிச்சம் இருப்பதை அவர் மூட்டை கட்டிவிடுவார்.

"இங்க எதுவும் தொலையாதுடி. லேட்டாத்தான் கிடைக்கும்" என்றாய்.

நல்ல வாசகம். நான் அதை மறந்துபோனேன்.

போன டிசம்பரில் உன் வகுப்பில் மெழுகுவத்தி விழா. கேக்கின் மேல் பல்லியை உட்கார வைப்பதாகத் திட்டம். அந்த ஊரில் பல்லி என்ற ஜீவனையே பார்த்திருக்க மாட்டார்கள், கத்துவார்களா இல்லை கையெடுத்துக் கும்பிடுவார்களா என்று நாம் பந்தயம்கூடக் கட்டினோம். அன்று காலை சந்து முனையில் உனக்குக் கால் வழுக்கியது. பை திறந்து, பல்லி எகிறிப் பனிக்குவியலுக்குள் போய்விட்டது. நீ எழுந்து தேடுவதற்குள் பனி தள்ளும் வண்டி வந்து இன்னும் ஒரு ஆள் உயரத்துக்கு அதன் மேல் தள்ளிவிட்டுப் போனது. "விழுப்புரத்துல பொறந்தவ விழாம இருப்பாளாடி?" என்று நீ சிரித்துக்கொண்டே அனுப்பினாய்.

நான் சிரிக்கவில்லை.

இதைத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்து சொல்கிறேன். அந்த மாதங்களில் நீ கூப்பிடுவது குறைந்திருந்தது. உன் பேச்சில் புதுப் பெயர்கள் வந்தன, எனக்கு உச்சரிக்க வராத பெயர்கள். பல்லி தொலைந்ததைச் சொன்ன குரலில் வருத்தமே இல்லை என்று எனக்குப் பட்டது. ஜனவரி வரை அதை மனசுக்குள்ளேயே வைத்து ஊறப்போட்டேன். பொங்கல் லீவு முடிந்த அன்று பள்ளியிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன், சைக்கிள் ஷெட்டுக்கு அடியில் நின்றுகொண்டு.

"பனியில தொலைஞ்சுதுன்னு கதை உடாத. உனக்கு அசிங்கமா இருந்துச்சு, தூக்கிப் போட்டுட்ட."

"பைத்தியமாடி நீ? பனி உருகட்டும், காட்றேன்."

"உருகட்டும் உருகட்டும். நீதான் மொதல்ல உறைஞ்சு போயிட்ட."

நானே வைத்துவிட்டேன். வைத்த கையோடு, பையிலிருந்த பதினேழாம் நம்பரை எடுத்து ஷெட்டின் தகரக் கூரை மேல் வீசி எறிந்தேன். நீ எறிந்துவிட்டாய் என்று சண்டை போட்டவள்தான் எறிந்தவள். அதற்கப்புறம் நீ அனுப்பிய மூன்று மெசேஜுக்கு நான் பதில் போடவில்லை. மூன்றும் ஒரே மெசேஜ்தான்: ஒரு பனிப் படம், கீழே "இன்னும் உருகல."

பிப்ரவரியில் மூளைக்காய்ச்சல். மூன்றே நாள்.

மார்ச்சில் உன் அம்மா உன்னைச் சின்னப் பெட்டியில் கொண்டுவந்தார். மரக்காணத்தில் கடலில் கரைத்தோம். எவ்வளவு கூட்டம் தெரியுமா, விழுப்புரத்திலிருந்து வேன் வைத்து வந்தார்கள். ஈர மணலில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்கிட்டதான் அவ எல்லாத்தையும் சொல்லுவா" என்றார். நான் வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். எனக்கு வாய் அடைத்துப்போனதை நீ பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்திருக்கலாம்.

வேலை ஒப்பந்தம் முடியாததால் ஆண்ட்டி திரும்பிப் போனார். வாரம் ஒருநாள் கூப்பிடுவார். இரண்டு பேரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவோம். அப்படி மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, இங்கே கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது, அவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "இந்த வருசம் வேலியில க்ளவ்ஸோட ஒரு பல்லியும் வெச்சிருக்காங்கடி. பொம்மைதான். ரெண்டு வாரமா கெடக்குது. நா வேலைக்குப் போறப்பல்லாம் கிழக்கப் பார்த்துக்கினு இருக்கும். நல்ல சகுனம்னு ஒரு தட்டு தட்டிட்டுப் போறேன்."

நான் எழுந்து நின்றேன் என்பது எழுந்த பிறகுதான் தெரிந்தது.

"ஆண்ட்டி, பச்சையா?"

"ஆமா."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"இப்பதான் வேலையிலேர்ந்து வந்துக்கினு இருக்கேன். ஏன்டி?"

"வேலிகிட்ட போங்க. அத்த கவுத்து வயித்தப் பாருங்க. பதினெட்டுன்னு இருக்கும்."

பொடிக்கல் மேல் அவர் ஷூ நறநறவென்று போவது கேட்டது. பிறகு அது நின்றது. இரண்டு வாரமாக மகளின் பொருளைத் தெரியாமல் தட்டிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நாம் ஒளித்து வைத்த லட்சணம் அவ்வளவு பிரமாதம்.

"இருக்குடி" என்றார்.

"எடுத்துக்கோங்க ஆண்ட்டி. அவளோடது. அவளும் நானும் ஜோடியா வாங்கினது."

அவர் எடுக்கவில்லை. மூக்கை உறிஞ்சிவிட்டு, நிதானமாகச் சொன்னார். "தாத்தாகிட்ட போய் இது செத்துப்போன எம்பொண்ணோடதுன்னு சொன்னா, உடனே குடுத்துடுவாரு. ஊரே என்னப் பார்த்தா தலையச் சாய்ச்சுக்கினு பேசுது. இதையும் பாவம்னு குடுக்க வேணாம். எல்லாரையும் மாதிரி ஜோடியக் காட்டி வாங்கணும். அவ பொருளு, பிச்சையா வரக் கூடாது. ஜோடி உன்கிட்ட இருக்கில்ல?"

"இருக்கு ஆண்ட்டி. பையிலதான் இருக்கு."

"வெள்ளிக்கிழமை ரோடு பெருக்குற வண்டி வருது. அன்னிக்கு எனக்கு லீவு. வீடியோல காட்டு."

போனை வைத்ததும் எனக்கு வியர்த்தது வெயிலால் இல்லை. பையில் இருக்கிறதாம். திங்கள் போக மூன்று நாள். அப்போதே முடிவு செய்தேன்: கூரையே பறந்து போயிருந்தாலும் பின்னாலேயே பறந்து போய்ப் பிடிப்பது என்று.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்குப் போனேன். கேட் பூட்டு. உள்ளே வேப்பமரத்து நிழலில் வாட்ச்மேன் அண்ணன்.

"லீவுல இன்னா வேலை?"

"பல்லிண்ணா."

"பள்ளிதான் தொறக்கலையே."

"பள்ளி இல்லண்ணா, பல்லி. சைக்கிள் ஷெட்டு மேல கெடக்குது. எடுத்துக்கினு ஜல்தி போயிடுவேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என் டீ கிளாஸ்ல நீச்சலடிச்சுதே, அதுவா?"

"அதோட தங்கச்சிண்ணா."

"போ போ. வெயில்ல பேஜாரு பண்ணாத."

புதன்கிழமை விண்ணப்பத்தோடு போனேன். மதிப்பிற்குரிய வாட்ச்மேன் அண்ணா அவர்களுக்கு, பொருள்: கூரை ஏற அனுமதி வேண்டுதல். உன் பாணியில் மூன்று பத்தி. அவர் பொறுமையாக முழுக்கப் படித்தார். பிறகு அதை நாலாக மடித்து விசிறிக்கொள்ள ஆரம்பித்தார். "எழுத்து நல்லாகீது. பொய்யும் நல்லாகீது. ஏறி வுழுந்தா எவன் பதில் சொல்றது? போ."

இத்தனை வருஷமாக நாம் சேர்த்து வைத்த பெயருக்கு அன்றுதான் பலன் கிடைத்தது. நாம் உண்மையே பேசினாலும் அந்தக் கேட்டுக்குள் நுழையாது.

வியாழன் போனபோது ஜோக் எதுவும் எடுத்துக்கொண்டு போகவில்லை. கேட் கம்பி சுட்டது, விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா, எங்கூடவே சுத்தும், ஒல்லியா ஒருத்தி. ஃபாரின் போனாளே."

"ஆமா. அந்த வால் இல்லாத வானரம். எப்படிக்கீது?"

"பிப்ரவரியில செத்துட்டாண்ணா."

விசிறிக்கொண்டிருந்த கை நின்றது. அது என் விண்ணப்பம்தான், இன்னும் கையில் வைத்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேலி, ஜோடி, நாளைக்கு வரும் வண்டி, நான் எறிந்தது. யாரிடமும் சொல்லாததை முதலில் கேட்டவர் நம் வாட்ச்மேன் அண்ணன்தான்.

அவர் கேட்டைத் திறந்தார். லேபுக்குப் பின்னாலிருந்து ஏணியை இழுத்துக்கொண்டு வந்தார். நான் காலை வைத்ததும், "நீ ஏறாத. தகரம் காயுது. எறங்கு" என்று தலைத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு அவரே ஏறினார். மேலே குனிந்து நடக்கும் சத்தம், டம் டம் என்று.

"இன்னா கலரு?"

"பச்சைண்ணா!"

"பச்சை இல்ல. வெள்ளையா ஒண்ணு கீது."

"அதாண்ணா! அதான்!"

"ஒட்டிக்கினு கீது. வர மாட்டேங்குது. இரு இரு... வந்துடுச்சு. வாலு வரல. உருகி தகரத்தோடயே போயிடுச்சு."

துண்டில் வைத்துக் கொடுத்தார். உன்னுடையது ஐந்து மாதம் பனியில் கிடந்து புதிதாக வந்தது. என்னுடையது நாலு மாதம் நம் ஊர் வெயிலில் கிடந்து வெளுத்து, வெடித்து, வாலை விட்டுவிட்டு வந்திருந்தது. வயிற்றைத் திருப்பினேன். 17 இருந்தது. ஏழின் கால் மட்டும் கொஞ்சம் இழுபட்டிருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மாலை வீடியோவில் உன் அம்மா, பக்கத்தில் வேலித் தாத்தா, பின்னால் வேலி. பனி முக்கால்வாசி போய், ஓரங்களில் அழுக்குப் பொதியாகக் கிடந்தது. சந்துக்கு அந்தக் கோடியில் பெருக்கும் வண்டி வேலை செய்துகொண்டிருந்தது, சத்தம் கேட்டது. நான் கேமரா முன்னால் என் பல்லியைத் தூக்கிப் பிடித்தேன். தாத்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்கு வரை கொண்டுபோய்ப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"வால் எங்கேன்னு கேக்குறாரு" என்றார் ஆண்ட்டி.

"கூரையில இருக்குன்னு சொல்லுங்க. பல்லிக்கு ஆபத்துன்னா வாலை விட்டுட்டு ஓடிடும். அப்புறம் முளைக்கும்னும் சொல்லுங்க."

ஆண்ட்டி அதை அந்த மொழியில் தட்டுத் தடுமாறிச் சொன்னார், நடுவில் கையை வாலாக ஆட்டிக் காட்டினார். தாத்தா நம்பவில்லை. ஆண்ட்டி மறுபடி ஆட்டிக் காட்டினார். தாத்தா சிரித்தார். அவரைப் பார்த்து ஆண்ட்டியும் சிரித்துவிட்டார். உன் சிரிப்பு யாரிடமிருந்து வந்தது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது, அதே குறட்டைச் சத்தம் நடுவில். பிப்ரவரிக்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு நான் பல்லியைத் திருப்பினேன். தாத்தா கம்பிலிருந்த பல்லியைத் திருப்பினார். அதன் 18 மேல் விரலை வைத்தார். பிறகு திரையில் 17 மேல் விரலை வைத்தார். ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"ஜோடின்றாரு" என்றார் ஆண்ட்டி.

தாத்தா பல்லியை இரண்டு கையாலும் எடுத்து ஆண்ட்டியிடம் கொடுத்தார். தலையைச் சாய்க்கவில்லை. எல்லாருக்கும் கொடுப்பது போலவே கொடுத்துவிட்டு, அடுத்த கம்பிலிருந்த கையுறையைக் கழற்றி மூட்டையில் போடப் போய்விட்டார்.

ஆண்ட்டி சுவரோரம் வெயிலில் போய் உட்கார்ந்தார். அப்போது நான் சண்டையைச் சொன்னேன். கதை உடாத என்றது, உறைஞ்சு போயிட்ட என்றது, பதில் போடாத மூன்று மெசேஜ். அவர் பல்லியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதான் தோண்டிக்கினு இருந்தாளா" என்றார் கடைசியில்.

"என்னது?"

"ஜனவரியில தினம் ஸ்கூல் விட்டு வந்ததும் மண்வாரிய எடுத்துக்கினு சந்து முனைக்குப் போயிடுவா. இன்னாடி தேடுறன்னா, ஒரு பந்தயம்மா, உனக்குப் புரியாதுன்னுவா. மூக்கு செவந்து வருவா."

அந்தக் கேள்வியைக் கேட்காமல் என்னால் அடுத்த மூச்சு விட முடியவில்லை. "ஆண்ட்டி, அந்தக் குளிர்ல நின்னுதான் காய்ச்சல் வந்துச்சா? என்னாலயா?"

அவர் நிமிர்ந்தார். முகம் மாறியது. நம் பள்ளியில் ஊசி போட வருவார்களே, அழுதாலும் விடாத முகம், அந்த நர்ஸ் முகம்.

"இங்க பாரு. மூளைக்காய்ச்சல் கிருமியில வருது. குளிர்ல நின்னா வராது, சண்டை போட்டா வராது. இருபது வருசமா நர்ஸா இருக்கேன், எனக்குத் தெரியாதா? இத இனிமே நீ கேக்கக் கூடாது. மனசுக்குள்ளயும் கேக்கக் கூடாது. இன்னா?"

"சரி ஆண்ட்டி."

"தோண்டிட்டு வந்தா சிரிச்சுக்கினுதான் வருவா. அழுதுக்கினு வரல. அதையும் வெச்சிக்கோ."

வைத்துக்கொண்டேன்.

உன் பல்லி இரண்டு மாதம் அவர் ஜன்னலில் இருந்தது. இப்போது என்னிடம். போன வாரம் பேசும்போது, "ஜோடிய எதுக்குப் பிரிச்சு வெக்கணும்? எனக்கு அந்த வேலி இருக்குது, போறப்ப வர்றப்ப பார்த்துக்கறேன்" என்றார். ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டியிருக்கிறாராம். அடுத்த வசந்தத்தில் வேலித் தாத்தாவுக்கு உதவியாகக் கையுறை மாட்டப் போகிறாராம்.

இங்கே பள்ளி திறந்துவிட்டது. நான் பன்னிரண்டாவது. வாட்ச்மேன் அண்ணன் கேட் கம்பியில் புதிதாக ஒன்று செய்திருக்கிறார். கண்டெடுத்த தண்ணீர் பாட்டில் மூடி, ஒற்றைக் கான்வாஸ் ஷூ, ரிப்பன் எல்லாம் அதில் தொங்குகின்றன. ஒரு ஆறாம் வகுப்புக் குட்டி ஷூவைக் கேட்டதற்கு, "இன்னொரு காலக் காட்டு" என்றாராம். யோசனை எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தகரத்தில் ஒட்டிய வாலை மட்டும் சுரண்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சைக்கிளை நிறுத்தும்போது தினமும் நிமிர்ந்து பார்க்கிறேன். இன்னும் முளைக்கவில்லை.

ஒன்று மட்டும் மாறிவிட்டது. யாராவது ஏதாவது சொல்லி, எனக்கு நம்ப முடியாமல், "கதை உடாத" என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டால், பல்லைக் கடித்துக்கொண்டு, பனி உருகட்டும் என்று எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். நேற்று அம்மாவிடம் வாய்விட்டே சொல்லிவிட்டேன். "எந்தப் பனி? வெளிய கொளுத்துது" என்றார். அவருக்கு விளக்கவில்லை.

பிப்ரவரியிலிருந்து நான் ஒரு சேட்டையும் செய்யவில்லை. பள்ளியே பயந்துபோயிருக்கிறது. டீச்சர்கள் என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அது எனக்கு வேண்டாம், உன் அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். அதனால் நாளைக் காலை முதல் பீரியட், பன்னிரண்டாம் வகுப்புக் கதவின் மேல்விளிம்பில் இரண்டும் இருக்கும். பதினேழும் பதினெட்டும், பச்சையும் வெள்ளையும், வாலோடு ஒன்று, வாலில்லாமல் ஒன்று. முதல் பீரியட் பி.டி. சார்தான் வருகிறார், டைம்டேபிளைப் பார்த்துவிட்டேன்.

அவர் நாள்காட்டி அட்டையைப் பார்க்கட்டும். கலகம் வரட்டும். இந்தத் தடவை அட்ரஸ் மாறாது. வயிற்றைத் திருப்பிப் பார்த்து யாருடையது என்று கேட்டால், இரண்டு நம்பரையும் நானே சொல்லப் போகிறேன்.